ஓட்டையும் சுருங்கும்

ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். அளவுக்காரர் தன் மச்சினனுக்குத் தரவேண்டிய பாக்கி அது. பதினோரு மாதமாகத் தரவில்லை. கையில் இல்லை என்பது பாதிதான் உண்மை. இருந்தாலும் தரக்கூடாது என்று வீம்பாக இருந்தார்.

மச்சினன் டை செய்கிறவர். டை என்றால் இரும்பு அச்சு. இரண்டு பாளமாக இருக்கும், சேர்த்து மூடினால் நடுவில் ஒரு பல்சக்கரம் அளவுக்கு வெற்றிடம். உருகிய பிளாஸ்டிக் அதற்குள் போய் இறுகும். திறந்தால் சக்கரமாக விழும். தண்ணீர் மீட்டருக்குள் சுற்றுகிற சக்கரம் அது, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் நடுவில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையால்தான் மாமனும் மச்சினனும் பேச்சை நிறுத்தினார்கள்.

நான் அந்தத் தெருவில் மூட்டை இறக்குகிறவன். இருபத்தைந்து கிலோ மூட்டை, ஒரு நடைக்கு ஒன்று. மாவு, சிமெண்ட், உரம் எல்லாம் தூக்கியிருக்கிறேன். தோளில் ஏற்றினால் அது அது ஒரு மாதிரி உட்காரும். அந்தச் சக்கரத்துக்கு உருக்குகிற அசிட்டால் பிளாஸ்டிக் மட்டும் உட்காராது. உள்ளே வெள்ளை வெள்ளையாக மணிகள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே இருக்கும். படுக்கவைக்க முடியாத பிள்ளையைத் தூக்கிப் போவது போல் இருக்கும். ஒரு பிடி தரையில் சிந்திவிட்டால் போச்சு, காலை வைத்தவன் உட்கார்ந்துதான் எழுந்திருப்பான்.

அளவுக்காரர் வீட்டில் முன்னறை முழுக்க மெஷின். பின்னறையில் சமையல், படுக்கை, துணிக்கொடி, தவணைப் புத்தகம் எல்லாம். மெஷினை ஓட்டுவது அவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவள் மெஷினம்மா. அவர் சட்டைப்பையில் எப்போதும் வெர்னியர் இருக்கும், மயிரிழைத் தடிமனையும் அளக்கிற கருவி. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் அதை எடுத்து வைப்பார். அதனால்தான் அவர் அளவுக்காரர். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் பையில அதுதான் இருந்துச்சு"ன்னு மெஷினம்மா சொல்வாள். "அளந்துட்டுத்தான் கட்டினேன்"ன்னு அவர் சொல்வார். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடு.

மத்தியானத்தில் அந்த வாசலில் உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகும். மெஷினுக்கு ஒரு மூச்சு உண்டு. டை மூடும், சூடான பேரல் குழாய் முன்னால் வந்து உருக்கினதைத் தள்ளும், அமுக்கிப் பிடிக்கும், விடும், திறக்கும். தகரத் தட்டில் சக்கரம் விழுகிற சத்தம் பிளாஸ்டிக் விழுகிற மாதிரி இருக்காது. எலும்பு விழுகிற மாதிரி, இல்லாவிட்டால் பல் விழுகிற மாதிரி, கிண் என்று சின்னதாகக் கேட்கும். கண்ணை மூடியிருந்தாலும் அந்த வெள்ளை தெரியும். பாலில் பிடித்து வைத்த வெள்ளை. வெளியே வெயில் தெருவைத் தூக்கிக்கொண்டு போவது போல் அலையடிக்கும். நான் எத்தனையோ நாள் அங்கே பாதித் தூக்கத்தில் வேறு எங்கோ போய்விட்டு, சக்கரச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கெடுதல். சூடு கொஞ்சம் கூடினால் அசிட்டாலில் இருந்து ஓர் ஆவி வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஊசியாகக் குத்தும். மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் கொட்டும். அதனால் அந்த வீட்டில் யாராவது கண்ணைத் துடைத்தால் என்ன ஏது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஆவி என்ன என்று டைக்காரத் தம்பிதான் ஒருநாள் சொன்னார். அப்போது அவர் அக்கா மெஷினம்மா வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில பொணம் கெடாம வைக்க ஒரு தண்ணி ஊத்துவாங்கல்ல அண்ணே, அந்தத் தண்ணியில இருக்கிற ஆவிதான் இது. அதை ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கோத்து நீளமா சரம் ஆக்கிடறாங்க. சரம்லாம் சேர்ந்து நெருங்கிப் படுத்தா இந்தக் கெட்டி வந்துடும்."

"அப்போ சரம் அறுந்தா?"

"அறுந்தாக்கூடப் பரவாயில்ல. முனைதான் முக்கியம். முனையில முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க. அது அவுந்தா மொத்தமும் சரசரன்னு உருவிக்கிட்டுத் திரும்ப ஆவியாவே போயிடும்."

"எங்க வீட்டுச் சம்பளம் மாதிரி"ன்னு மெஷினம்மா சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம்.

தம்பி அந்த டையைக் கொண்டுவந்து மாட்டிய நாளில் நானும் இருந்தேன், தூக்குவதற்குத்தான் கூப்பிட்டார்கள். டையின் இரண்டு பக்கமும் விரல் தடிமனில் ஹீட்டர் கம்பி சொருகியிருந்தார். "மாமா, டை சூடா இருக்கணும். கை வச்சா தாங்கக் கூடாது. அமுக்கிப் பிடிக்கிற நேரத்தையும் குறைக்காதீங்க. ஒரு சக்கரத்துக்கு இருபத்தெட்டு செகண்ட்"ன்னு சொல்லி, தானே நின்று பத்துப் பதினைந்து ஓட்டிக் காட்டினார். முதலில் விழுந்ததை அக்கா கையில் போட்டார். சுடச்சுட. அவள் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றி, ஆறினதும் சாவிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

தம்பி போன மறுநாளே அளவுக்காரர் ஹீட்டர் ஒயரைச் சுருட்டி நூலால் கட்டி ஓரமாக வைத்துவிட்டார்.

"சூடு பண்ணி வார்த்து, அதை ஆற வைக்கறதுக்கு டையையும் சூடு பண்ணணுமா? எந்த ஊரு நியாயம்?" அவர் டைக்குள் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார். பதினாலு செகண்டில் சக்கரம் கல்லு மாதிரி விழுந்தது. ஒன்றுக்கு இரண்டு. மெஷினுக்குத் தவணை கட்டுகிற மனுஷன், இரண்டு விழுகிற இடத்தில் ஒன்றுக்குக் காத்திருப்பாரா?

சக்கரம் வாங்குகிற மீட்டர் கம்பெனி ஓர் இரும்பு ஊசி கொடுத்திருந்தது. மரக்கட்டையில் நட்டு வைத்த ஊசி. மீட்டருக்குள் இருக்கிற அச்சாணியின் அளவு அதுதான். சக்கரத்தை மேலே பிடித்து விட்டால் தன் எடையிலேயே இறங்கி, தட்டினால் சுற்றவேண்டும். எண்ணெய் கேட்காத சாமான் அது, தானே வழுக்கிச் சுற்றும். அன்றன்று சாயங்காலம் அளவுக்காரர் ஊசியில் போட்டுப் பார்ப்பார். இறங்கும், சுற்றும். பெட்டி கட்டி அனுப்புவார்.

இரண்டு மாதத்தில் முதல் பெட்டி திரும்பி வந்தது. சக்கரம் அச்சாணியில் இறங்கவே மாட்டேன் என்கிறது என்றார்கள். ஓட்டை சின்னது.

அன்றைக்குத்தான் சண்டை. டைக்குள் ஓட்டை விழுவதற்கு ஒரு பின் இருக்கும், அதைத் தம்பி சின்னதாகப் போட்டுவிட்டார் என்பது இவர் கட்சி.

"பின் சரியா இருக்கு மாமா. நீங்க ஓட்டறதுதான் சரியில்ல. பின்னால சுருங்குது."

"சுருங்கட்டுமே! உடம்பு சுருங்கினா ஓட்டை பெருசாகணுமா சின்னதாகணுமா? சொல்லு! ஒல்லியாப் போனவன் கையில வளையம் லூசாகுமா டைட்டாகுமா?"

"அது வேற மாமா..."

"என்ன வேற? எனக்கு அளவு சொல்லித்தர வந்துட்டியா? பின்னை மாத்திக் குடு, பணத்தை வாங்கிக்க."

"பின்னை மாத்தினா நான் தப்புப் பண்ணினேன்னு ஆயிடும். மாத்த மாட்டேன்."

போனவர் வரவில்லை. டைக்கு வாங்கிய இரும்புக்குக் கடன் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. இரண்டு மாதத்தில் தன் பட்டறையை விட்டுவிட்டு வேறொருவர் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு எங்கள் தெரு வழியாகத்தான் போவார். அக்கா வீட்டு வாசல் வருகிறபோது எதிர்ப்பக்கம் போய் நடப்பார். மெஷின் ஓடுகிற சத்தம் அந்த நேரத்தில் மட்டும் நின்று நின்று வரும். அவள் மெஷின் கதவை மூட மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதற்குப்பின் பதினோரு மாதம் அவளுக்கு இரட்டை வேலை. விழுகிற ஒவ்வொரு சக்கரத்தையும் மறுநாள் எடுத்து, மெல்லிய துளைக்கம்பியை ஓட்டைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. வெள்ளைத் துருவல் மடியில் விழும். உள்ளங்கையில் கம்பி உருட்டி உருட்டி இரண்டு கையிலும் காய்ப்பு. "அண்ணே, உங்களுக்குத் தோளில, எனக்குக் கையில"ன்னு ஒருநாள் விரித்துக் காட்டினாள். உண்மைதான், ஒரே நிறம்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து கண்ணாடிக்காரர் வந்தார். தரம் பார்க்கிற அதிகாரி. வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கியது நான்தான். இருபத்தாறு பெட்டி.

"நாப்பத்தோராயிரத்து அறுநூறு சக்கரம்"ன்னு அவர் சொன்னார். "கையால குடைஞ்சது கோணலா இருக்கு. குடைஞ்சும் டைட்டு. மீட்டர்ல தண்ணி ஓடுது, நம்பர் ஓடல. ஜனங்களுக்குச் சந்தோஷம், எங்களுக்குப் பிழைப்புப் போகுது."

"பின்னு சார். டைக்காரன் பின்னைச் சின்னதா..."

"எனக்கு அந்தக் கதை வேணாம். முப்பது நாள். இத்தனையும் புதுசா வரணும், குடையாம வரணும். இல்லன்னா நிறுத்தி வச்ச பில்லும் கிடையாது, ஆர்டரும் கிடையாது."

கண்ணாடிக்காரர் போனார். அளவுக்காரர் பெட்டிமேல் உட்கார்ந்தார். ஆர்டர் போனால் தவணை போகும், தவணை போனால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மெஷினம்மா கம்பெனி ஊசியை எடுத்து வந்து தரையில் வைத்து, திரும்பி வந்த சக்கரங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் போட்டுப் பார்த்தாள். நுனியிலேயே நின்றன. பிறகு இடுப்பிலிருந்து சாவிக் கயிற்றை எடுத்தாள். முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். அந்தப் பழைய சக்கரத்தை ஊசிமேல் பிடித்து விட்டாள்.

இறங்கியது. அவள் விரலால் தட்டினாள். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மூட்டை இறக்கிய களைப்பில் சுவரில் சாய்ந்திருந்தேன். அந்த வெள்ளைச் சுற்று எனக்குள் போய்ச் சுற்றுகிற மாதிரி இருந்தது. அறை நகர்ந்தது, பெட்டிகள் நகர்ந்தன.

"இது தம்பி ஓட்டிக் குடுத்தது"ன்னு அவள் சொன்னாள். "அதே டை. அதே பின்னு."

"ஒரு வருஷமா கயித்துல உரசி உரசி ஓட்டை தேஞ்சிருக்கும்"ன்னு அளவுக்காரர் சொன்னார்.

"நாலு பேரு இழுத்தாலும் தேயாத சாமான்னு நீங்கதானே சொல்வீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தவணைக்காரர்களிடம் அவகாசம் கேட்கப் புறப்பட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பினதும் அவள் முதலில் பழைய வேகத்திலேயே ஐம்பது சக்கரம் ஓட்டினாள். அவற்றை ஒரு டப்பாவில் போட்டாள். பிறகு தண்ணீரை நிறுத்தி, டை ஓரத்தில் கட்டிப்போட்டிருந்த ஒயரின் நூலை அறுத்தாள். ஹீட்டரை மாட்டினாள். டை சூடேற முக்கால் மணி நேரம். அதுவரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். விசிறி சுற்றியது. அவள் அவ்வப்போது உள்ளங்கையை இரும்பின்மேல் வைத்து வைத்து எடுத்தாள், ஜுரம் பார்க்கிற மாதிரி. கடைசியில் வெடுக்கென்று எடுத்து உதறினாள்.

"தாங்கல அண்ணே. தம்பி சொன்ன சூடு."

இருபத்தெட்டு செகண்ட். எனக்கு அது நீளமாகத் தெரிந்தது. டை மூடிக்கொண்டு, தள்ளினதை விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருவர் தூங்குகிற இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. சூட்டில் கண் எரிந்தது. இரண்டு பேரும் துடைத்துக்கொண்டோம். அந்த ஐம்பதும் இன்னொரு டப்பாவுக்குப் போனது. "அண்ணே, இதில வேகம்னு எழுதுங்க, அதில நிதானம்னு எழுதுங்க. தேதியும் போடுங்க"ன்னாள். கரித்துண்டால் எழுதினேன். இரண்டையும் வெயில் படுகிற ஜன்னலில் வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு டப்பாச் சக்கரமும் ஊசியில் இறங்கியது. வீட்டுக்கு வந்த அளவுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டும்தான் இறங்குது. கரண்டுதான் தண்டம்."

"பார்ப்போம்"ன்னு அவள் சொன்னாள்.

இரண்டாம் நாளும் இறங்கியது. மூன்றாம் நாள் வேகம் டப்பாவில் ஒன்று பாதியில் தயங்கி, பிறகு இறங்கியது. நான் வேறு தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாலும் நினைப்பு அந்த ஜன்னலிலேயே இருந்தது. யாரும் தொடாமல், யாரும் பார்க்காமல், டப்பாவுக்குள் அவை மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பூட்டின வீட்டுக்குள் ஒருவர் பேசாமல் கோபத்தில் இருப்பது போல.

ஆறாம் நாள் மத்தியானம் போனேன். வேகம் டப்பாவில் ஐம்பதில் நாற்பத்து மூன்று ஊசி நுனியிலேயே நின்றுவிட்டது. நிதானம் டப்பாவில் ஐம்பதும் இறங்கியது. அளவுக்காரர் தானே போட்டுப் பார்த்தார், மறுபடியும் போட்டுப் பார்த்தார். வெர்னியரை எடுத்துச் சக்கரத்தின் வெளி வட்டத்தை அளந்தார்.

"வெளியில சுருங்கியிருக்கு. ஒத்துக்கறேன். ஆனா ஓட்டை பெருசாகணுமே! உள்ள இருக்கிற சதை வெளியப் பக்கம் இழுத்தாத்தானே... இல்ல, இதில பின்னோட குத்தமும் சேர்ந்திருக்கு. உன் தம்பியை நீ விட்டுக்குடுக்க மாட்ட."

மெஷினம்மா பின்னறைக்குப் போனாள். கொடியிலிருந்து ஒரு பனியனை எடுத்து வந்தாள். போன மாதம் வாங்கின புதுப் பருத்திப் பனியன், முழுக்கை வைத்தது.

"குளிச்சிட்டீங்கல்ல, இதைப் போடுங்க. அண்ணன் இருக்காரு, வெறும் உடம்போட நிக்கறீங்க."

அவர் தலைக்குமேல் பனியனை மாட்டினார். கைகள் உள்ளே போயின. தலை வரவில்லை. இழுத்தார், திரும்பி இழுத்தார். இரண்டு கையும் மேலே தூக்கினபடி, முகம் முழுக்க வெள்ளைத் துணியோடு, அறை நடுவில் நின்றார்.

"ஏய்! என்ன பண்ணின இதை?"

"கொதிக்கிற தண்ணியில ஊற வச்சேன். மூணு நாளு. துணி சுருங்கிடுச்சு."

"தலை போகலடி!"

"எப்படிங்க? துணி சுருங்கினா கழுத்து பெருசாகணுமே? உள்ள இருக்கிற துணி வெளியப் பக்கம் இழுக்கணுமே?"

துணிக்குள் அசைவு நின்றது. மெஷின் நின்றிருந்த நேரம். விசிறிக் காற்றில் பனியனின் வயிற்றுப் பகுதி மட்டும் மெல்ல உப்பி உப்பி அடங்கியது. அவர் அப்படியே நின்றார். உள்ளே வெளிச்சம் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

"மொத்தமும் சேர்ந்து சின்னதாகுது"ன்னு துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. யாருக்கும் சொல்கிற மாதிரி இல்லை. "கையும் சின்னது, நீளமும் சின்னது, ஓட்டையும் சின்னது."

"ஆமாங்க."

"பதினோரு மாசம்."

"ஆமாங்க."

"எடுத்து விடு."

அவளும் நானுமாகப் பிடித்து இழுத்தோம். காது சிவக்க வெளியே வந்தார். கண்ணும் சிவந்திருந்தது. அன்றைக்கு மெஷினில் சூடு இல்லை, ஆவியும் இல்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த இருபத்து நான்கு நாள் அந்த வீட்டில் யாரும் முழுதாக முழித்தும் இருக்கவில்லை, முழுதாகத் தூங்கவும் இல்லை. விடிகிற முன்னால் டை சூடேறும். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம், இருபத்தெட்டு செகண்டுக்கு ஒன்று. அளவுக்காரர் ஓட்டுவார், அவள் சக்கரத்தோடு ஒட்டி வருகிற பிளாஸ்டிக் வாலை நறுக்கி எண்ணுவாள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் மெஷின் கதவைத் திறப்பார். அவசரத்தில் ஒருதரம் அளவுக்காரர் கை நேரம் குறைக்கிற குமிழிக்குப் போனது. "ம்ம்"ன்னு அவள் தொண்டையைச் செருமினாள். கை திரும்பி வந்தது. நானும் சாயங்காலம் மூட்டை வேலை முடிந்ததும் போய்ப் பெட்டி கட்டினேன். வெள்ளைச் சக்கரங்களை இரண்டு கையாலும் அள்ளினால் விரலிடுக்கில் தண்ணீராக வழிந்தோடும். கை நிறைய இருக்கும், பிடியில் எதுவும் நிற்காது.

ஒவ்வொரு நாள் சக்கரத்தில் இருந்தும் பத்துப் பத்து ஜன்னலில் வைத்து ஆறாம் நாள் பார்த்தார்கள். எல்லாம் இறங்கியது. மெஷினம்மாவின் துளைக்கம்பி ஆணியில் தொங்கியது. உள்ளங்கைக் காய்ப்பு உரிந்து, கீழே புதுத்தோல் வந்தது. "அண்ணே, என் கையே எனக்கு யாரோட கையோ மாதிரி இருக்கு"ன்னாள்.

முப்பதாம் நாள் கண்ணாடிக்காரர் வந்தார். இருபது நிமிஷம் ஊசியில் போட்டுப் போட்டுப் பார்த்தார். "டையை மாத்திட்டீங்களா?"ன்னார்.

"டை அதேதான். ஓட்டறவன் மாறிட்டேன்"ன்னு அளவுக்காரர் சொன்னார்.

நிறுத்தி வைத்த பில்லும் புது பில்லும் பதினைந்து நாளில் சேர்ந்து வந்தது. தவணை கட்டினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை டைக்காரத் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டார்கள். "நீங்களும் வாங்க, இவரு பாதி வழியில திரும்பிட்டா பிடிக்க ஆள் வேணும்"ன்னு அவள் என்னையும் கூப்பிட்டாள். அளவுக்காரர் புதுப் பனியன் போட்டிருந்தார். கழுத்து தாராளமாக இருந்தது.

தம்பி குடியிருந்தது ஒற்றை அறை. கதவைத் திறந்தவர் கையில் பிளேடு, ஏதோ பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிளேடைக் கீழே வைத்துவிட்டு வழி விட்டார்.

அளவுக்காரர் பணத்தை எடுத்து நீட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"இருபத்தெட்டு செகண்ட் மாப்பிள்ளை. டை சூட்டுல கை வைக்க முடியல."

தம்பி சக்கரத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார். அந்தப் பக்கம் அக்கா நின்றாள்.

"பாதிப் பணம் போதும் மாமா. மீதியைத் தள்ளிடுங்க. சொந்தத்துக்குள்ள..."

"டேய்"ன்னு அக்கா சொன்னாள். "நீ பாதியைத் தள்ளினா, பாதித் தப்பு உன்னுதுன்னு ஆயிடும். முழுசா எண்ணு."

தம்பி தரையில் உட்கார்ந்து எண்ணினார். நாங்களும் உட்கார்ந்தோம். அங்கே மெஷின் இல்லை. ஆவியும் இல்லை. ஆனாலும் எண்ணுகிறவர் இரண்டு தடவை நிறுத்திப் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கடைசி நோட்டை வைத்தார். விரலை மடக்கி யோசித்தார்.

"அக்கா, நானூறு குறையுது."

"அது குறையும். பனியன் வாங்கினேன். பழசு இவர் தலையில மாட்டிக்கிச்சு."

"எந்தப் பனியன்? என்ன தலையில?"

அளவுக்காரர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஓட்டையும் சுருங்கும் மாப்பிள்ளை. நீ அன்னிக்கே சொன்ன. எனக்கு அது தலையில மாட்டித்தான் ஏறுச்சு."

தம்பிக்குப் புரிய நேரம் ஆனது. அக்கா கையைத் தூக்கி, முகத்தை மறைத்து, மாமா நின்ற மாதிரி நின்று காட்டினாள். அப்போது புரிந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். பெட்டிக்கடியிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்தார். டைக்குச் செலவான கணக்கு, கீழே மொத்தத் தொகை. சீவின பென்சிலால் மொத்தத்துக்குக் கீழே 'பனியன் ஒன்று, நானூறு' என்று எழுதினார். கழித்தார். வந்ததைப் பக்கத்தில் எழுதினார். அப்புறம் மேலிருந்து கீழ் வரைக்கும், குறுக்கே, ஒரே கோடாகக் கிழித்துவிட்டு, மாமாவின் புதுப் பனியன் கழுத்தை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"ரெண்டு பாயிண்ட் லூசு மாமா"ன்னார். "துவைச்சா சரியா வந்துடும்."